மேலே சுற்றிக்கொண்டிருந்தவரைக் கேட்டாயா?

மகனே,

உன் தந்தி வந்து சேர்ந்தது. அது வந்த விதத்தைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. தந்திக்காரர் நம் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பியதுமே உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று ராயகிரியில் அவள் பிறந்த வீட்டில் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, யாருக்கு என்ன என்று கேட்காமலே அவளோடு சேர்ந்து அழுதார்கள். தந்திக்காரர் பாவம், வாசலில் நின்று "ஏ அம்மா, நல்ல சேதி, நல்ல சேதி" என்று கத்திப் பார்த்திருக்கிறார். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்து வந்து என் கையில் தாளைக் கொடுத்து, "அண்ணாச்சி, மொதல்ல வீட்டுக்குப் போயி அழுகைய நிறுத்துங்க. மவனுக்கு வேல திரும்பக் கெடச்சிட்டு" என்றார். குற்றம் இல்லை, நாளை வேலையில் சேருகிறேன் என்று நீ இரண்டே வரி அனுப்பியிருந்தாய். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கோவில்பட்டி வண்டி புறப்படவேண்டிய நேரம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், நான் விசில் ஊதவில்லை. பஸ் கம்பெனி ஏஜெண்டாக இத்தனை வருஷம் இருந்ததில், காரணமே இல்லாமல் ஒரு வண்டியை நான் நிறுத்திவைத்தது அன்றைக்குத்தான். வண்டியிலிருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். அதுகூட எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஆரம்பித்த சங்கடம் ஆனியில் தீர்ந்திருக்கிறது. இந்த மாதங்களில் ஊர் வாய்க்கு நீ நல்ல தீனி போட்டாய். "ஏஜெண்டு மவன் ரெண்டு பிளேன மோத விட்டுட்டானாம்லா" என்று ஒருத்தன். "மோதலையாம்வே, கடலுக்குள்ள எறக்கிட்டானாம்" என்று இன்னொருத்தன். விமானத்தைக் கண்ணால் பார்க்காதவர்களெல்லாம் அது எப்படி விழுந்தது என்று எனக்கே விளக்கினார்கள். ஒரு விமானத்திலும் ஒரு கீறல் விழவில்லை, ஒரு மனுஷனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று உனக்குத் தெரியும். இரண்டு பேரிடம் சண்டையும் போட்டேன். அதில் ஒருத்தர் நேற்று வந்து, "நான் அன்னைக்கே சொன்னம்லா, ஒம்ம பையன் தங்கம்னு" என்கிறார். போகட்டும். மனது நிறைந்திருக்கும்போது யாரையும் வையத் தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தை நீ உன்னோடு வேலை பார்க்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை. கடைசிப் பகுதியை மட்டும் நீ தனியாகப் படி.

அன்று நடந்ததை உன் கடிதங்களிலிருந்து எனக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். உன் விமான நிலையத்தில் அடை மழை. இறங்குகிற பாதையில் தண்ணீர். ஒரு விமானம் இறங்கி ஒதுங்கி, மழை கொஞ்சம் விட்டு, பிறகுதான் அடுத்தது இறங்கமுடியும். மேலே மூன்று விமானங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. நம் வீட்டில் அடுக்குப் பானையில் மேல் பானையைத்தான் முதலில் எடுப்போம், உன் ஆபீசில் அடிப்பானையை முதலில் உருவவேண்டுமாம். முதலில் வந்து அடியில் சுற்றுவதும், கடைசியில் வந்து மேலே சுற்றுவதும் ஒரே கம்பெனி விமானங்கள். நடுவில் இருப்பது வேறு கம்பெனியுடையது. முதலில் வந்ததற்கு முதலில் இடம் என்பது சட்டம். ஆபத்து என்றால் மட்டும் மாற்றலாம்.

அந்த நேரத்தில், விமானங்களுக்கு இறங்க உத்தரவு கொடுக்க நீ உட்கார்ந்திருக்கும் கோபுரத்துக்கு, இரண்டு விமானம் வைத்திருந்த கம்பெனியின் ஆள் ஏறிவந்தார். கடைசி விமானத்தில் பெட்ரோல் குறைவு, ஆபத்து என்று கூச்சல் போடும் அளவுக்கு இல்லை, ஆனால் தன் முறை வரும்வரை காத்திருந்தால் பெங்களூருக்குத் திரும்பத்தான் வேண்டிவரும், முதல் விமானத்தில் தாராளமாக இருக்கிறது, இரண்டும் எங்களுடையதுதானே, இரண்டுக்கும் இடத்தை மாற்றிக்கொடுங்கள் என்றார். நீ யோசித்தாய். நடுவில் இருக்கிற விமானத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அது இரண்டாவதாகவே இறங்கும். எந்த விமானத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று கம்பெனிக்குத் தெரியும். பாதை எத்தனை விமானத்தைத் தாங்கும் என்று உனக்குத் தெரியும். சரி என்றாய். முதல் விமானத்தைக் கடல் பக்கம் விலகிப் போய்ச் சுற்றச் சொன்னாய். கடைசி விமானம் இறங்கியது. நடுவில் இருந்ததும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் வானம் பிய்த்துக்கொண்டது. விலகிப் போன முதல் விமானத்தின் விமானி இருட்டிய மழைக்குள் வெகுநேரம் சுற்றி, ஒருவழியாக இறங்கி, நனைந்த சட்டையோடு நேரே உன் மேலதிகாரி அறைக்குள் போய், என்னை யாரைக் கேட்டுப் பின்னால் தள்ளினீர்கள் என்று மேஜையைத் தட்டினார்.

மேலதிகாரி உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முடிவு எடுப்பது நம் வேலை, கம்பெனிக்காரனைக் கேட்டு முடிவு எடுத்தால் நாளைக்கு அவனே வந்து உன் நாற்காலியில் உட்காருவான் என்று அவர் சொன்னாராம். இதையேதான் எங்கள் முதலாளி என்னிடம் ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு வார்த்தைகளில். அந்தக் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நீ மறந்திருப்பாய். அதை நினைத்துத்தான் அன்று நீ அப்படிச் செய்தாய் என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு ஊருக்குள் கால் வைக்க இடம் இல்லை. ராஜபாளையம் ரோட்டில் ஊர் எல்லையில் ஏட்டையா எல்லா வண்டிகளையும் மறித்து, வந்த வரிசைப்படி ஒன்றிரண்டாக உள்ளே விட்டுக்கொண்டு இருந்தார். வரிசையில் முதலில் நிற்பது எங்கள் வண்டி. அது பக்கத்து ஊரிலிருந்து வந்தது, அரை வண்டி ஆள்தான், அவர்களும் இறங்கி நடந்துவிடலாமா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் எதிராளி கம்பெனி வண்டி, அதற்கு ஏஜெண்டு சவரிமுத்து அண்ணாச்சி. அதற்கும் பின்னால் மறுபடி எங்கள் வண்டி, தூரத்திலிருந்து வந்தது, கைப்பிள்ளைக்காரிகள், வயதானவர்கள், மூச்சுவிட இடமில்லை, கரி அடுப்புச் சூடு வேறு. நான் ஏட்டையாவிடம் போய்க் கத்தினேன். சவரிமுத்து அண்ணாச்சி தன் வண்டிக்காக வந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். அவருக்கும் எனக்கும் அந்தக் காலத்தில் முகம் பார்த்துப் பேச்சே கிடையாது.

ஏட்டையா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள ரெண்டு வண்டிக்குத்தான் எடம் இருக்கு. எத்தனங்கத நான் சொல்லிட்டேன். எந்த வண்டிங்கத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுங்கவே. ஒங்க வண்டிக்குள்ள யாரு இருக்கான்னு எனக்கு என்னவே தெரியும்? சண்ட போட்டியோ, ரெண்டுமே கெடையாது."

நானும் சவரிமுத்து அண்ணாச்சியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். என் கடைசி வண்டி முதலில் போகட்டும், உங்கள் வண்டி இரண்டாவது, என் முதல் வண்டி காத்திருக்கட்டும் என்றேன். அவருக்கு நஷ்டம் இல்லை, தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக ஒரு சண்டை தீர்ந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் என் முதல் வண்டி டிரைவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் நின்ற வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து தாண்டிப் போக வழிவிடச் சொன்னதும் அவருக்குத்தான் விஷயமே தெரிந்தது. "வரிசையில மொதல்ல நிக்கவன் நான். எங்கிட்ட கேக்காம எவன்லே மாத்துனது?" என்று கீழே இறங்கினார். வண்டியை முடுக்குகிற இரும்புக் கைப்பிடியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போய்விட்டார். ரோட்டின் நடுவில் வண்டி. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை. தபசுக் காட்சிக்கு வந்த ஜனம் மொத்தமும் என்னைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டியது. நான் டீக்கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின் வண்டியில் கைப்பிள்ளைகள் இருப்பதைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இத மொதல்லயே சொன்னா நானே ஒதுங்கியிருப்பம்லா அண்ணாச்சி" என்று எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தபசன்று காலையில் ஏட்டையா, சவரிமுத்து அண்ணாச்சி, நான், டிரைவர்கள் எல்லோரும் அதே டீக்கடையில் கூடுகிறோம். எத்தனை வண்டி என்று போலீஸ் சொல்லும். எந்த வண்டி என்று நாங்கள் சொல்லுவோம். முடியுமா முடியாதா என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். முதலாளி முதலில் முறைத்தார். எதிராளி கம்பெனியோடு உட்கார்ந்து டீ குடிக்கவா உனக்குச் சம்பளம் என்றார். வண்டிகள் நேரத்துக்கு ஓடியதும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

உன் விசாரணையில் நீ தப்பித்தது யாராலே என்று பார். கம்பெனிக்காரர் உனக்காகப் பேசினார், சரி. ஆனால் உன்மேல் புகார் கொடுத்த அந்த விமானியே வந்து பேசியதாக நீ எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சண்டைக் காலத்தில் குண்டுகளுக்கு நடுவில் பறந்தவராம், மீசை பெரிதாம். இந்தப் பையன் செய்தது சரி, இடத்தை மாற்றாமல் இருந்திருந்தால் என் தோழன் பாதி வழியில் தவித்திருப்பான், எனக்குக் கோபம் மாற்றியதில் இல்லை, கேட்டிருந்தால் நானே விலகிப் போகிறேன் என்று சொல்லியிருப்பேன், என்னைக் கேட்கவில்லையே என்பதில்தான் என்று அவர் சொன்னாராம். நீயும் எழுந்து நின்று, கேட்டிருக்கவேண்டும், கம்பெனியைக் கேட்டதும் எல்லோரையும் கேட்டாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன் என்றாயாம். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் மழைக்காலத்தில் தினமும் காலையில் கம்பெனி ஆட்களும் உங்கள் ஆட்களும் உட்கார்ந்து பேசுவது என்றும், மேலே இருப்பவரைக் கேட்காமல் அவர் இடத்தை மாற்றுவதில்லை என்றும் உன் மேலதிகாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரையும் நான் மன்னித்துவிட்டேன், அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

உனக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். கேட்க நேரம் இல்லாத வேளையும் வரும். இரண்டு விமானம் நேருக்கு நேர் வருகிறது என்றால் அங்கே கூடிப் பேசிக்கொண்டு இருக்காதே, கட்டளை போடு, அதற்குத்தான் உன்னை அந்த உயரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேரம் இருக்கிறபோது கேள். கேட்டால் மரியாதை போய்விடும் என்று உன் மேலதிகாரியைப் போல நினைக்காதே. முடியாது என்று விமானி சொன்னால் அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும், அது உன் ஜன்னலிலிருந்து தெரியாது. அவருக்கும் உன் ஜன்னலில் தெரிவது தெரியாது. எல்லோருக்கும் பாதிதான் தெரிகிறது, அதனால்தான் பேசவேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் என் உபதேசம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இனி நீ படிக்கப்போவதிலிருந்து தெரிந்துகொள்வாய்.

இங்கிருந்து நீ தனியாகப் படி.

தை மாதம் உனக்கும் உன் மாமா மகள் கோமதிக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். நீ வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட செய்தி வந்ததும் மார்கழியில் உன் மாமா ராயகிரியிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. "அத்தான், தப்பா நெனைக்காதிய. விசாரண முடியட்டும். அதுவர கல்யாணப் பேச்ச ஒத்திப் போடுவோம்" என்றார். பெண்ணைப் பெற்றவர், பயப்படுவது நியாயம் என்று நானும் தலையாட்டினேன். உன் அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "அந்தப் பிள்ள என்ன சொல்லுதா?" என்று கேட்டாள். அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். சின்னப் பிள்ளையாம்! பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கிறாள்! உனக்கு நான் எழுதியதும் உனக்கு நினைவிருக்கும். அவர்கள் வீட்டில் தயங்குகிறார்கள் என்று எழுதினேன். தயங்குவது நியாயம்தான், கோமதிக்கும் அப்படித்தான் இருக்கும், அவளை வற்புறுத்தவேண்டாம் என்று நீ பதில் எழுதினாய். அதற்குப் பிறகு உன் கடிதங்களில் அவள் பேரே வரவில்லை. விசாரணையைவிட அதுதான் உன் அம்மாவை வாட்டியது.

தந்தி வந்த மறுநாளே நான் ராயகிரிக்கு வண்டி ஏறினேன். உன் மாமாவுக்கு ஒரே சந்தோஷம், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் வைத்துவிடுவோம் என்றார். கோமதி மோர் கொண்டுவந்தாள். நான் உன் விசாரணைக் கதையை, மழையிலிருந்து ஆரம்பித்து, மீசை விமானி சொன்னதுவரைக்கும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், உன் மாமா வாயைப் பிளந்து கேட்டார். கேட்டு முடித்ததும் கோமதி, செம்பைக் கையில் பிடித்தபடியே, "மாமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளு தாயி" என்றேன்.

"அந்த வெமானி பாவம், மேலயே சுத்திக்கிட்டு இருந்தாவல்லா. கீழ ரெண்டு பேரு பேசி முடிவு பண்ணுனது அவியளுக்குத் தெரியாதுல்லா?"

"ஆமா, தெரியாது."

"நானும் மார்கழியில இருந்து மேலதான் சுத்திக்கிட்டு இருக்கேன் மாமா. நீங்களும் அப்பாவும் பேசி முடிவு பண்ணிட்டிய. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா, வேல போனாலும் போகட்டும், தையிலயே வச்சிருங்கன்னு சொல்லியிருப்பேன். எனக்குச் சம்பளம் வருதுல்லா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மோரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தபசுக் கூட்டம் மொத்தமும் திட்டியபோதுகூட எனக்கு இப்படி முகம் காந்தியது இல்லை.

அவளுக்கு உன்மேல் தயக்கம் இருந்ததே இல்லை, மகனே. ஒருநாள்கூட இல்லை. இதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை பக்கம். இதையே முதல் வரியில் எழுதியிருக்கலாம் என்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏசுகிறாள். எழுதியிருந்தால் மீதியை நீ படித்திருக்கமாட்டாய்.

ஆவணியில் ஜோசியர் மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றையும் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எது உங்கள் நாள் என்று நானும் சொல்லப்போவதில்லை, உன் மாமாவும் சொல்லப்போவதில்லை. நேரே அவளுக்கே எழுதிக் கேள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குக் கடிதமா என்று உன் மாமா முகத்தைச் சுளித்தார். "எந் தம்பி மவளுக்கு எம்மவன் எழுதுதான், இதுல எவனுக்கு என்ன?" என்று உன் அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். விலாசம் உனக்குத் தெரியும். லீவு கிடைக்கும் நாளைப் பார்த்து, உனக்கு எது தோது என்று சொல், அவளுக்கு எது தோது என்று கேள், பிறகு இரண்டு பேருமாக எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். தந்தி மட்டும் வேண்டாம், உன் அம்மா தாங்கமாட்டாள்.

இன்றைக்கே எழுது. அவள் ரொம்ப நேரமாக மேலேயே இருக்கிறாள்.

உன் அப்பா